பெரம்பலூரில் துலிப் ஏன் பூக்காது?

மார்ச் கடைசியில் ஸ்ரீநகரின் ஜபர்வான் மலையடிவாரத்தில் துலிப் தோட்டத்தைத் திறந்துவிடுகிறார்கள். தால் ஏரியைப் பார்த்தபடி, ஏறத்தாழ 30 ஹெக்டேர் சரிவில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துலிப்புகள் பாத்தி பாத்தியாகப் பூத்து நிற்கும். 2007இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இந்தத் தோட்டம் ஒரு மாதம்தான் களைகட்டும். ஏப்ரல் முடிவதற்குள் எல்லாம் அடங்கிவிடும்.

அதே வாரங்களில் பெரம்பலூரிலும் அரியலூரிலும் வெயில் 37, 38 டிகிரியைத் தொட்டிருக்கும். புல் கருகி, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தமிழகத்தின் வறண்ட புதர்க்காடுகளில் அந்தக் காய்ச்சலிலும் ஒரு செடி பூக்கும். ஓர் இலைகூட இருக்காது. தரையிலிருந்து நேராகத் தண்டு மட்டும் எழும்பி, பழுப்பும் பச்சையும் கலந்த சிறு பூக்களைச் சரமாகத் தாங்கி நிற்கும். மாலையில் விரியும் பூ விடிவதற்குள் வாடிவிடும். அதன் பெயர் நரிவெங்காயம்.

துலிப்பும் நரிவெங்காயமும் மண்ணுக்குள் குமிழ் வைத்துப் பிழைப்பவை. ஆண்டின் கடுமையான மாதங்களை இரண்டும் தரைக்கு அடியில் கழிக்கின்றன. ஒன்று தாங்குவது பனியை, மற்றது வெயிலை. காஷ்மீரில் செழிப்பது நம் ஊரில் ஏன் முளைத்ததும் மடிகிறது, நம் மண்ணில் அதற்கு ஈடாக எதை வளர்க்கலாம் என்ற இரண்டு கேள்விக்கும் விடை, தரைக்கு அடியில் கழியும் அந்த மாதங்களில் இருக்கிறது.

குமிழுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு வெங்காயத்தை நெடுக்காக இரண்டாக நறுக்கினால் குமிழின் அமைப்பு முழுதும் தெரிந்துவிடும். அடியில் வேர் பிடித்திருக்கும் தட்டையான பகுதிதான் தண்டு. குறுகி அமுங்கிப்போன தண்டு. அதன்மேல் அடுக்கடுக்காக இருப்பவை இலைகளின் அடிப்பாகங்கள். உணவு சேர்ந்திருப்பது அவற்றில்தான். நட்டநடுவில் குருத்து. துலிப், மழை லில்லி, நரிவெங்காயம் எல்லாவற்றுக்கும் இதே அமைப்புதான். சேப்பங்கிழங்கிலும் குங்குமப்பூச் செடியிலும் இலைக்குப் பதிலாகத் தண்டே பருத்து உணவைத் தாங்குகிறது. அமைப்பு எப்படியானாலும் வேலை ஒன்று: விளைந்த காலத்தில் கட்டி வைத்த கட்டுச்சோறு, விளையாத காலத்தைக் கடத்தும் வழி.

விதையிலிருந்து முளைக்கும் செடி வேர் விட்டு, இலை விட்டு, உணவு சேர்த்து, பிறகுதான் பூக்க முடியும். குமிழுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. பூவுக்கு வேண்டிய உணவு கைவசம் இருக்கிறது. பெரும்பாலான சமயம் மொட்டே உள்ளுக்குள் தயாராக இருக்கிறது. குளிர்நாட்டு இலையுதிர் காடுகளில் பனி உருகி, மரங்கள் துளிர்த்து நிழல் விழுவதற்குள் சில வாரங்களே வெளிச்சம் தரையைத் தொடும். ஸ்னோடிராப், குரோக்கஸ் போன்றவை அந்த இடைவெளியில் பூத்துக் காய்த்து முடித்துவிடுகின்றன. நம் புதர்க்காட்டிலும் இதே போன்ற இடைவெளி ஒன்று உண்டு. மழை பிடித்து, புல்லும் கொடியும் தழைத்துத் தரையை மூடுவதற்கு முந்தைய நாட்கள் அவை.

தன் ஆழத்தையும் குமிழ் ஓரளவு தானே சரிசெய்துகொள்கிறது. பல குமிழ்ச் செடிகளுக்குச் சுருங்கும் வேர்கள் உண்டு. மண்ணைப் பற்றிக்கொண்டு அவை நீளத்தில் குறுகும்போது குமிழ் கீழே இழுபடும். சித்திரை வெயிலில் வெற்றுத் தரையின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும்போதும், ஒரு சாண் ஆழத்தில் சூடு வெகுவாகக் குறைந்திருக்கும். பகலுக்கும் இரவுக்கும் அங்கே பெரிய வித்தியாசமும் இருக்காது. வெயிலையும் பனியையும் குமிழ் தாங்குவதற்கு இந்த ஆழம் பெரிய காரணம்.

குளிரை எண்ணும் செடி

துலிப்பின் தாயகம் மத்திய ஆசியாவின் மலைகள். கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் உறைபனி, நடுவே சுருக்கமான வசந்தம். செடியின் ஆண்டுக் கணக்கு அதற்கு ஏற்ப அமைந்திருக்கிறது. பூத்து முடிந்து இலை காய்ந்ததும் குமிழ் ஓய்ந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்தக் கோடையில்தான் அடுத்த ஆண்டின் பூ உள்ளே உருவாகிறது. இலையுதிர் காலத்தில் வேர் ஓடுகிறது. பிறகு குளிர் வருகிறது.

அந்தக் குளிர் வெறும் காத்திருப்பு இல்லை. சுமார் 9 டிகிரிக்குக் கீழே 12 முதல் 16 வாரம் இருந்தால்தான் குமிழிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதும், தண்டை நீளச் செய்யும் ஹார்மோன்கள் சரிவர வேலை செய்வதும் நடக்கும். போதிய குளிர் கிடைக்காத குமிழை வெதுவெதுப்பான மண்ணில் நட்டால் இலை முளைக்கும், தண்டு நீளாது. உள்ளே உருவாகியிருந்த பூ வெளியே வராமலேயே கருகிவிடும். வாரக்கணக்கில் சேரும் குளிரை வைத்து இந்தச் செடி குளிர்காலம் முடிந்துவிட்டதா என்று கணிக்கிறது. இடையில் நான்கு நாள் வெயில் அடித்தால் ஏமாந்து முளைக்காமல் இருக்க அதுவே காப்பு.

இந்தக் குளிரைச் செயற்கையாகவும் கொடுக்கலாம். முன்கூட்டியே குளிரூட்டிய குமிழ்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து டெல்லியின் சாலையோரங்களில் நட்டு, பிப்ரவரியில் பூக்க வைக்கிறார்கள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து முயல்கிறவர்களும் உண்டு. அவர்கள் பழங்களோடு சேர்த்து வைத்தால் கெட்டது. பழுக்கும் பழம் வெளியிடும் எத்திலீன் வாயு துலிப் மொட்டை உள்ளேயே கொன்றுவிடும். குளிரை ஒழுங்காகக் கொடுத்தாலும் பெரம்பலூரில் அடுத்த தடை காத்திருக்கிறது. மார்கழி, தையிலும் நம் இரவுகள் பொதுவாக 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பகல் 30ஐத் தொடும். அந்தச் சூட்டில் செடி அவசரமாக வளர்ந்து அவசரமாக முடிந்துவிடும். துலிப்பில் ஆண்டுதோறும் தாய்க்குமிழ் கரைந்து சேய்க்குமிழ்கள் உருவாக வேண்டும். அதற்கு இலைக்குக் குளிர்ந்த வாரங்கள் தேவை. அவை இங்கே கிடைக்காததால் அடுத்த ஆண்டுக்கென்று எதுவும் மிஞ்சாது. காசு கொடுத்து வாங்கிய குமிழ், ஒரே தடவை வாய்த்தால் வாய்த்த பூ.

பூக்காததால் விளையும் பயிர்

குமிழைப் பற்றிய அறிவு நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மாவட்டம் பெரம்பலூர். செட்டிகுளம், ஆலத்தூர் வட்டாரங்களில் குமிழ்தான் வாழ்க்கை. அங்கே விதை என்றால் பெரும்பாலும் விதை வெங்காயம். ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் வெங்காயத்தைப் பாரின் இரு புறமும் ஊன்றுவார்கள்.

அந்த வெங்காயம் வயலில் பூத்துக் குலுங்குவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. காரணம் துலிப்பின் காரணத்துக்குப் பக்கத்துவீடு. ஓரளவு வளர்ந்த வெங்காயச் செடிக்குப் பல வாரங்கள் குளிர்ந்த வானிலை கிடைத்தால்தான் அது பூந்தண்டு விடும். மகாராஷ்டிரத்தில் குளிர் கூடிய ஆண்டுகளில் பெரிய வெங்காயம் இப்படித் தண்டு விட்டு விவசாயிக்கு நஷ்டம் வைக்கும். பூ எழும்பினால் குமிழில் சேர்ந்த சத்து பூவுக்குப் போய்விடும், நடுவில் கட்டையான தண்டு ஓடி வெங்காயம் சேமிக்கத் தாங்காது. பெரம்பலூரின் வெதுவெதுப்பான இரவுகள் துலிப்பைப் பூக்க விடுவதில்லை. அதே இரவுகள் சின்ன வெங்காயத்தையும் பூக்க விடாமல் தடுத்து, சத்தை எல்லாம் குமிழில் தங்க வைக்கின்றன.

குளிர்த் தேவை மரபுவழி வருவது. எனவே அதைத் தளர்த்தித் தேர்ந்தெடுக்கவும் முடியும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 5 சின்ன வெங்காயம் தாராளமாகப் பூத்து விதை பிடிக்கும் ரகம். டன் கணக்கில் விதை வெங்காயம் வாங்கும் இடத்தில் சில கிலோ விதையோடு முடிந்துவிடும்.

தோட்டக்காரர் கற்றுக்கொள்ள வேண்டிய பெரிய பாடம் வெங்காயப் பட்டறையில் இருக்கிறது. அறுவடையான விதை வெங்காயத்தைக் காய்ந்த தாளோடு, தரை ஈரம் ஏறாமல், நாலு பக்கமும் காற்றோடும்படி பட்டறை போட்டு வைக்கிறார்கள். அன்று பிடுங்கிய வெங்காயம் மறுநாளே முளைக்காது. முதிரும்போது இலையிலிருந்து சில தடுப்புப் பொருள்கள் குமிழுக்குள் இறங்கி முளையை அடக்கி வைக்கின்றன. தாள் தானாகச் சாய்ந்து காயும் வரை பொறுத்துப் பிடுங்கினால் அவை முழுதாக இறங்கியிருக்கும். பச்சைத் தாளை அறுத்துவிட்டால் பாதியில் நின்றுபோய், வெங்காயம் சீக்கிரம் முளைவிட்டு வீணாகும். உறக்கம் கலைவதற்குள் ஈரம் பட்டால் அழுகல். கலைந்த பின் ஈரம் கிடைத்தால் பயிர். எப்போது நீர் வேண்டாம் என்பதை அறிந்துகொள்வதுதான் குமிழ் வளர்ப்பின் பாதி.

மழையை எண்ணும் செடிகள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஆண்டு மழை ஏறத்தாழ 850 முதல் 950 மில்லிமீட்டர். அதில் பாதியளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். தை பிறந்தால் மழை அரிது. சித்திரை, வைகாசியில் இடியோடு சில கோடை மழை. பிறகு ஆடியிலிருந்து மெல்லக் கூடும். ஆகவே காஷ்மீரில் குளிர்காலம் செய்யும் வேலையை இங்கே தை முதல் சித்திரை வரையிலான வறட்சி செய்கிறது.

இதை எளிதில் காட்டும் செடி மழை லில்லி. வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் எனப் பல இனங்கள் உண்டு. எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்து நம் வாசல்களில் தங்கிவிட்டவை. நீண்ட வறட்சிக்குப் பின் நல்ல மழை பெய்தால் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் தெருவெங்கும் ஒரே நாளில் பூக்கும். இத்தனை வேகம் எப்படி? மொட்டு முன்பே குமிழுக்குள் உருவாகிவிட்டது. புதிய உயிரணுக்களை உண்டாக்கும் வேலை அதிகம் மிச்சமில்லை. இருக்கும் உயிரணுக்கள் நீரை உறிஞ்சி நீண்டாலே தண்டு எழும்பிவிடும். தினமும் குவளைக் கணக்கில் தண்ணீர் ஊற்றும் தொட்டியில் இது சரியாக நடப்பதில்லை. அங்கே வறட்சியும் முழுமையாக இல்லை, நனைவும் முழுமையாக இல்லை. மூன்று நான்கு வாரம் தண்ணீரை நிறுத்திவிட்டு, பிறகு தொட்டியை அப்படியே நீர் நிரம்பிய வாளியில் ஓரிரு மணி நேரம் அமிழ்த்தி எடுத்தால், மழையில்லாமலே பூக்க வைக்கலாம்.

ஃபுட்பால் லில்லி என்றும் மே மலர் என்றும் சொல்லப்படுவது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடி. சித்திரைக் கடைசியில் மண்ணைப் பிளந்துகொண்டு மொட்டு எழும்பும். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பூக்கள் சேர்ந்து சிவப்புப் பந்தாக விரியும். ஒரு வாரக் காட்சி. இலைகள் பூவோடோ அதற்குப் பின்னரோ வந்து, மழைக்காலம் முழுதும் இருந்து, குளிர்ந்த மாதங்களில் மஞ்சளாகி மறையும். அப்போது செடி செத்துவிட்டது என்று எண்ணி மண்ணோடு கொட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் குமிழ் உள்ளே நலமாக இருக்கிறது.

நம் மண்ணின் சொந்தச் செடிகளில் முதலிடம் செங்காந்தளுக்கு. தமிழ்நாட்டின் மாநில மலர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் நீண்ட மலர்ப் பட்டியல் இதில்தான் தொடங்குகிறது. அரியலூர், பெரம்பலூர் பகுதிகளில் விவசாயிகள் இதைக் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் பந்தல் கட்டிப் பயிரிடுகிறார்கள். கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். அந்த வளைவின் ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. நுனி ஒடிந்தால் அந்தக் கை எத்தனை பருமனாக இருந்தாலும் முளைக்காது. நடும்போது 50, 60 கிராமுக்குக் குறையாத கிழங்காகப் பார்த்து எடுப்பார்கள். சிறு கிழங்கு கொடியை விடும், பூக்கும் பலம் அதற்கு இருக்காது.

ஆடி, ஆவணியில் நட்ட கொடி இலை நுனியையே பற்றுக்கம்பியாக்கி ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும். அடியில் மஞ்சளாகவும் நுனியில் சிவப்பாகவும் விரியும் இதழ்கள் நாளாக ஆக முழுச் சிவப்பாகும். சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். தன் மகரந்தம் தன்மேல் விழாமல் இருக்கச் செடி செய்த ஏற்பாடு இது. விதைக்காகப் பயிரிடுகிறவர்களுக்கோ இது கூடுதல் வேலை. காலை நேரத்தில் பூ பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும்.

விதைக்கு இத்தனை பாடு ஏன் என்றால், அதிலுள்ள கோல்சிசின் என்ற வேதிப்பொருளுக்காக. கீல்வாத மருந்து அது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் நுண்குழல்களை அது கட்ட விடுவதில்லை. இதை வைத்துச் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கலாம் என்று 1937இல் கண்டறிந்தது பயிர் இனப்பெருக்கத்தில் பெரிய திருப்பம். இந்தப் பொருளுக்குப் பெயர் கொடுத்த கோல்சிகம், ஐரோப்பியப் புல்வெளிகளில் இலையில்லாமல் இலையுதிர் காலத்தில் பூக்கும் குமிழ்ச் செடி. செங்காந்தளும் அதுவும் ஒரே குடும்பம். ஒரே நஞ்சு, ஒரே வகைப் பிழைப்பு. ஒன்று பனியைக் கணக்கு வைக்கிறது, மற்றது மழையை.

வீட்டில் வளர்க்க

முதலில் மண். பெரம்பலூரின் கரிசல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குமிழின் அடித்தட்டு அழுகும். மேடான பாத்தி போட்டு, மணலும் மட்கிய எருவும் கலந்து நடுவது நல்லது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண்ணில் நீர் தானாக வடியும், அங்கே எரு சேர்த்தால் போதும். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்பு மண். கிரெட்டேசியக் காலத்தில் இங்கே கிடந்த கடல் விட்டுச் சென்ற சொத்து. சிமென்ட் ஆலைகளுக்கு அது வரம். செடிக்கோ, சுண்ணாம்பு கூடினால் மண்ணிலுள்ள இரும்புச் சத்து எட்டாமல் போகும். நரம்பு பச்சையாக இருக்க இலை மட்டும் வெளுத்தால் காரணம் அதுதான். தொழுவுரத்தைத் தாராளமாக இட்டால் குறையும்.

அடுத்து ஆழம். பொதுவாகக் குமிழின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு மண் மேலே இருக்கலாம். ஃபுட்பால் லில்லிக்குக் கழுத்து மண் மட்டத்தோடு ஒட்டியிருந்தால் போதும். செங்காந்தள் கிழங்கைப் படுக்கை வசமாக, நுனி ஒடியாமல் வைக்க வேண்டும். ஏற ஒரு வேலியோ குச்சியோ அவசியம். நிலச்சம்பங்கிக் கிழங்கைத் தோண்டியவுடன் நடாமல் ஒரு மாதம் நிழலில் உலர்த்தி வைத்து நடுவது வழக்கம்.

ஓர் எச்சரிக்கை இந்த மாவட்டங்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். மழை லில்லி, நரிவெங்காயம், விஷமூங்கில் என்ற குமிழ்ச் செடி இவற்றின் குமிழ்கள் பார்வைக்கு வெங்காயம் போலவே இருக்கும். எல்லாமே நஞ்சு. நரிவெங்காயத்தில் இதயத் துடிப்பையே மாற்றும் பொருள் இருக்கிறது. செங்காந்தளில் கிழங்கு முதல் விதை வரை எதை உண்டாலும் உயிருக்கு ஆபத்து. வெங்காயம் வைக்கும் கூடையின் பக்கத்தில் இவற்றை உலர்த்தவே கூடாது. குழந்தைகளும் ஆடுகளும் எட்டும் இடத்தில் நடவும் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் இலைதான் வழிகாட்டி. இலை பச்சையாக இருக்கும் வரை ஊற்றலாம், மாதம் ஒருமுறை மட்கிய எரு இடலாம். இலை மஞ்சளானதும் நிறுத்திவிட வேண்டும். சித்திரை வெயிலில் காய்ந்த தொட்டியைப் பார்த்து இரக்கப்பட்டு ஊற்றும் தண்ணீர், சூடான மண்ணில் உறங்கும் குமிழை வேகவைத்து அழுக வைக்கும். வீடுகளில் குமிழ்கள் சாவது தாகத்தால் அல்ல, பெரும்பாலும் இந்த இரக்கத்தால்.

பூ முடிந்ததும் அழகுக்காக இலையை அறுத்துவிடுவது அடுத்த பெரிய தவறு. கண்முன் நிற்கும் பூ, சென்ற மழைக்காலத்து இலைகள் சேர்த்த உணவில் கட்டப்பட்டது. இப்போது நிற்கும் இலைகள் அடுத்த பூவைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. பூக்காத தொட்டிக்கு அவசரமாக உரத்தைக் கொட்டினால் இந்தப் பருவத்தில் எதுவும் மாறாது. போன ஆண்டு அதன் இலைகள் எத்தனை மாதம் பச்சையாக நின்றன, பிறகு எத்தனை மாதம் மண் காய்ந்து கிடந்தது என்று கணக்குப் பார்த்தால் காரணம் அதில் இருக்கும்.